காந்தத்துக்குப் பயந்த முதுகு

திருநெல்வேலிச் சந்தையை விட்டு வெளியே வந்து, பலாலி றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சந்தை வாசலில் கீரை விற்கிறவள்.

"ஐயா, செருப்பை விட்டிட்டுப் போறியள்."

திரும்பிப் பார்த்தேன். என்னுடைய இடது கால் செருப்பு றோட்டின் நடுவில் தனியே கிடந்தது. ஒரு பஸ் அதை விலத்திக்கொண்டு போனது. குனிந்து காலைப் பார்த்தேன். வெறுங்கால். வெயில் ஏறிய நேரம், தார் கொதித்துக்கொண்டு கிடந்தது. வெறுங்காலோடு அதைக் கடந்தவன் துள்ளியிருக்க வேண்டும். நான் துள்ளவில்லை. செருப்புக் கழன்றதும் எனக்குத் தெரியவில்லை, தார் சுட்டதும் தெரியவில்லை.

கீரைக்காரி செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள். பெரிய யோசனை போல என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். லொறிக்குப் பக்கத்தில் போய் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் இடது காலின் பெருவிரலை மேலே தூக்கிப் பார்த்தேன். நான் தூக்குகிறேன், அது எழும்பவில்லை. தூக்கத்திலிருக்கிற பிள்ளையைத் தட்டி எழுப்பினால் கொஞ்சம் அசைந்துவிட்டு மறுபடி படுக்குமே, அப்படி ஒரு அசைவு. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதற்கு முன்னம் இருந்தது நோ, வெறும் வலி. நோவுக்கு நான் பயந்தவனில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நீர்வேலியில் ஒரு பரப்புக் காணி சொந்தமாக இல்லாமல் தொடங்கி, இன்றைக்கு அதே நீர்வேலியில் என்னுடைய வாழைத் தோட்டத்தைச் சுற்றி வர ஒரு மனிதனுக்கு வியர்த்துப் போகும். வெள்ளாப்பில் சைக்கிளில் குலை கட்டி, சந்தை திறக்குமுன் போய் நின்றவன் நான். தோட்டத்திலிருந்து றோட்டுக்கு மற்றவர்கள் தோளில் ஒரு குலை கொண்டு போனால் நான் இரண்டு தோளிலும் கொண்டு போவேன். கூலிக்குத் தூக்கிய காலத்திலும் அப்படித்தான், முதலாளியான பிறகும் அப்படித்தான். என்னோடு போட்டிக்குத் தூக்கிப் பார்த்தவர்கள் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். நான் திரும்பியும் பார்க்கமாட்டேன். பிள்ளைகளைப் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பியது அந்தத் தோள்தான். யாருடைய உதவியும் இல்லை.

நாரி நோ எனக்கு வந்து பல வருடம். முதுகு முடிந்து இடுப்பில் இறங்குகிற இடத்தைத்தான் நாங்கள் நாரி என்போம். முதலில் காலையில் பல்லுத் தீட்டிவிட்டுக் குனிந்து கொப்பளிக்கும்போது ஒரு கொத்து. பிறகு கதிரையில் இருந்து எழும்பும்போது. பிறகு அது இடது பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கத்தால் ஒரு நூல் இழுத்தது மாதிரிப் பெருவிரல் வரைக்கும் ஓடத் தொடங்கியது. காலைச் சரித்துச் சரித்து நடந்ததில் வலது முழங்காலும் வீங்கியது. கலியாண வீடுகளில் பந்தியில் இருக்கமாட்டேன். நின்றுகொண்டு, ஆட்களைக் கவனிக்கிறேன் என்பேன். சந்தையிலும் இருந்து கதைப்பதில்லை. நின்றபடி விலை பேசுகிற மனிதன், பெருமை பிடித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது. நோ என்று தெரிந்தால் சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

ஏன் வைத்தியரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இரும்பு.

பிரச்சினைக் காலத்தில் ஒருநாள் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்துக் காணிக்குள் ஷெல் விழுந்தது. நான் விழுந்து படுத்தேன். எழும்பியபோது சாரம் நனைந்திருந்தது. நாரிக்குக் கீழே இடப்பக்கத்தில் காயம். சைக்கிளில் வைத்து ஆசுப்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே மருந்து கட்டியவர், உள்ளே துண்டு கிடக்கிறது, கிண்டினால் நரம்பு பட்டுவிடும், கிடந்தபடி கிடக்கட்டும் என்று சொல்லித் தைத்து அனுப்பினார். ஷெல்லிலிருந்து சிதறும் அந்தத் துண்டை நாங்கள் சன்னம் என்போம். தையல் பிரிக்குமுன்னே நான் குலை தூக்கினேன். பார்த்தவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பகுதியில் சன்னம் கிடக்கிற உடம்புகள் நிறைய. அதனால் சன்னத்தைப் பற்றிய கதைகளும் நிறைய. அது ஓரிடத்தில் நில்லாது, ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பார்கள். ஒருவருக்குத் தொடையில் பட்டது, பல வருடம் கழித்து முழங்காலடியில் தோலுக்குக் கீழே வந்து நின்றதாம். கிணற்றடியில் குளிக்கும்போது கையோடு வந்ததாம். இன்னொருவருக்கு முதுகில் பட்டது நெஞ்சுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர் சோற்றுக் கோப்பையில் சரிந்தாராம். அந்த மனிதரை நேரில் பார்த்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஆனால் அவருடைய ஊர் எது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே நாரி நோகத் தொடங்கியபோது நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அது ஊரத் தொடங்கிவிட்டது. முள்ளந்தண்டை நோக்கிப் போகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். எடுக்காத வரைக்கும் அது பழைய இடத்தில் கிடப்பதாக நான் வைத்துக்கொள்ளலாம்.

வைத்தியமே செய்யவில்லை என்றும் இல்லை. நொச்சி இலை ஒத்தடம் மனைவி பிடித்தாள். மகள் அனுப்பிய கிறீம் பூசினேன். தென்மராட்சிப் பக்கம் எண்ணெய் போட்டு நரம்பு உருவுகிற ஒரு பரியாரியாரிடமும் போனேன். வாங்கில் குப்புறப் படுத்துக்கொண்டு வலப்பக்கத்தைக் காட்டினேன்.

"நோ எந்தப் பக்கம்?" என்றார்.

"இடப்பக்கம்."

"அப்ப ஏன் வலப்பக்கத்தைக் காட்டுறியள்?"

"இடப்பக்கம் தொடக்கூடாது. அங்கை இரும்பு கிடக்கு. அமத்தினியளெண்டால் முள்ளந்தண்டுக்குள்ளை போயிடும்."

பரியாரியார் எண்ணெய்க் கையோடு கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்ப நான் வலப்பக்கத்துக்கு எண்ணெயைப் போட்டிட்டு, இடப்பக்கத்துக்குக் கதை சொல்லட்டோ?"

ஆனாலும் உருவினார். ஒரு பருவம் முழுக்கப் போய் வந்தேன். என்னுடைய வலது நாரி இளந்தாரியின் நாரி மாதிரி ஆகிவிட்டது. இடப்பக்கம் கொத்திக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவர் என் தோட்டத்துக்குக் குலை வாங்க வந்தவர், பெட்டிக்குள் இருக்கிற காந்தம் எவ்வளவு பெரிது என்று கையால் அளந்து காட்டினார். குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கையே தூக்கிப் பிடிக்குமாம். அன்றிலிருந்து கோயில் திருவிழாக்களில் ஸ்பீக்கர் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் நான் நிற்பேன். தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவுக்குப் போனால் மனைவி உள்ளே போவாள், நான் ஆற்றங்கரையில் நின்று கும்பிடுவேன். "காந்தம் பெட்டிக்குள்ளையோ முருகனுக்குள்ளையோ?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவளுக்கு இரும்பு படவில்லை, அவளுக்குப் பகிடி வரும்.

செருப்பு விழுந்த அன்று பின்னேரம் கால் கழுவும்போது உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருந்ததை அவள் கண்டுவிட்டாள். தார் சுட்ட கொப்புளம். எங்கே சுட்டது என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் சுட்டது தெரியாது என்ற கருத்தில்தான் சொன்னேன். அவள் ஈர்க்குச்சி ஒன்றை முறித்து வந்து என் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் குத்தினாள். நான் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்திவிட்டாள் என்பது அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முகம் வெளிறியிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை எதிர்த்து வாய் காட்டத் தயங்காதவள், அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளே போய் ரெலிபோனை எடுத்து, பட்டினத்தில் ஒரு எலும்பு வைத்தியருக்குச் சனல் பண்ணி, பார்க்க நாள் எடுத்தாள்.

வைத்தியர் இளம் ஆள். என் மகனைவிட வயது குறைவு. என்னைக் குதிக்காலில் நடக்கச் சொன்னார். வலது கால் நடந்தது. இடது பாதம் தொப்பென்று நிலத்தில் அடித்தது. படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கினார், நான் கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்தேன். சின்னச் சுத்தியலால் முழங்காலிலும் குதியிலும் தட்டினார். சிறுநீர் தெரிந்துதானே போகிறது என்று கேட்டார். அதென்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த நரம்பும் இதே இடத்தால்தான் போகிறது, அது தெரியாமல் போனால் அந்த மணித்தியாலமே ஓடி வரவேண்டும் என்றார். கோபம் போய்விட்டது.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம் என்றார். அது என்ன என்று கேட்டேன். பெரிய காந்தம் ஒன்றுக்குள் படுக்க வைத்து எடுக்கிற படம் என்றார்.

பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஐயா, உடம்புக்குள்ளை இரும்பு ஏதும் கிடக்கோ? இஞ்சை வாற வயது போன எல்லாரையும் கேக்கிறனான்."

என்னிடம் ஒருவரும் கேளாமலே நான் ஊரெல்லாம் சொன்ன கதை அது. கலியாண வீட்டில் சொன்னேன், செத்த வீட்டில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆளுக்குச் சொன்னேன். அங்கே எனக்கு வாய் திறக்கவில்லை. இல்லை என்று சொன்னால் காந்தத்துக்குள் போகவேண்டும். ஓம் என்று சொன்னால் படம் இல்லை, படம் இல்லாவிட்டால் காலும் இல்லை.

"கிடக்கு" என்றாள் மனைவி. "நாரிக்குப் பக்கத்திலை. முப்பது ஊருக்குத் தெரியும், இப்ப வாயைத் திறக்கிறார் இல்லை."

அப்போதே அதே கட்டடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வைத்தியர் வெளிச்சப் பெட்டியில் வைத்தார். நான் என் முள்ளந்தண்டை முதன்முதல் பார்த்தேன். தோடம்பழப் பெட்டியை அடுக்கினமாதிரி நேராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கீழே வரவரச் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றது. அதற்கு எவ்வளவோ தள்ளி, பிட்டத்துச் சதைக்குள், அரிசிமணி மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு.

"உதுதானோ?" என்றேன்.

"உதுதான்."

"எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கு?"

அது எங்கும் ஊரவில்லை என்றார். சதை அதைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறது, விழுந்த இடத்திலேயே கிடக்கிறது என்றார்.

"அப்ப நோ என்னத்தாலை?"

"தூக்கினதாலை, ஐயா."

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஷெல் யாரோ எறிந்தது. அதைத் திட்டலாம். தூக்கியது நான். தூக்கியதால்தான் வீடு, தூக்கியதால்தான் தோட்டம், தூக்கியதால்தான் பிள்ளைகள் கனடாவில். தூக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, எவ்வளவு என்று ஸ்கானில்தான் தெரியும் என்றார். இரும்பு முள்ளந்தண்டுக்குத் தூரத்தில் இருப்பதால் ஸ்கான் எடுக்கலாம் என்று நினைக்கிறார், ஸ்கான் வைத்தியரும் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சம்மதிக்கவேண்டும். சூடாகலாம், கொஞ்சம் இழுக்கலாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

"ஒண்டும் ஆகாதெண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது, ஐயா."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்குப் பொய் சொல்லி வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு பொய் கேட்டேன், கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாளைக் கடத்தினேன். முதலில் ஆடி அமாவாசை போகட்டும் என்றேன். பிறகு கதலி வெட்டு முடியட்டும் என்றேன். படுக்கையில் திரும்பும்போதெல்லாம் அந்த அரிசிமணி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளையாக இருந்த அது சிவப்பாகி, வெண்ணெய்க்குள் சூட்டுக் கம்பி போவதுபோல் சதையைக் கிழித்துக்கொண்டு போகிறதாகக் காண்பேன். காலைத் தொட்டுப் பார்ப்பேன். விறைப்பு பெருவிரலிலிருந்து புறங்காலுக்கு ஏறியிருந்தது. மகள் ரெலிபோனில் என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். சளி என்றேன்.

அந்த நாட்களில்தான் என் பழைய கூட்டாளியைப் பார்க்கப் போனேன். ஒரே காலத்தில் ஒரே சந்தையில் குலை தூக்கத் தொடங்கினவர்கள் நாங்கள். அவன் படுக்கையில் விழுந்து கன காலம். பார்க்கப் போனது ஒருமுறைதான், அதுவும் அப்பிள் பையை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிய மாதிரி. இந்த முறை உள்ளே போய் நின்றேன்.

றோட்டைப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் கட்டில். டெற்றோல் மணம். அவனுடைய மனைவி அவனை ஒரு பக்கம் புரட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டு, மறுபக்கம் புரட்டினாள். அவளைவிட இரண்டு மடங்கு பாரமான மனிதன் அவன். அவள் புரட்டும்போது அவன் யன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். புரட்டி முடிந்ததும் என்னைப் பார்த்தான்.

"என்னடா, நிண்டு பெருமை காட்டுறாய். உன்ரை இரும்பு சுகமோ?"

"இருக்கு."

"இரடா கதிரையிலை."

"நிக்கிறன்."

அவன் என் நிற்பைப் பார்த்தான். இடது காலில் பாரம் வைக்காமல் நிற்கிற நிற்பு. சந்தையில் ஒருவருக்கும் தெரியாதது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனைவியைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, குரலைத் தணித்தான்.

"எனக்கும் நாரியை வெட்டச் சொன்னவங்கள். பொங்கல் கழியட்டும் எண்டன். பிறகு மகளின்ரை சாமத்தியவீடு முடியட்டும் எண்டன். ஒருநாள் விடிய எழும்பிக் காலைக் கூப்பிட்டன், அது வரேல்லை."

வெளியில் லொறி ஒன்று குலை ஏற்றிக்கொண்டு போனது. அது யாருடைய லொறி, என்ன குலை, எந்தச் சந்தைக்குப் போகிறது என்று படுத்தபடியே சொன்னான். சரியாகச் சொன்னான். பிறகு கதலி இப்போது என்ன போகிறது என்று கேட்டான். சொன்னேன். உன்னை ஏய்க்கிறார்கள் என்றான். தேத்தண்ணி வந்தது. அவனுக்கு அவள் கரண்டியால் பருக்கினாள். என் கோப்பையை நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், ஸ்கானுக்கு நாள் கேள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முதலே கேட்டு வைத்திருந்தாள்.

ஸ்கான் எடுக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை இருந்தாள். மோதிரம், மணிக்கூடு, பல்லுச் செற் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அரையில் வெள்ளி அரைஞாண் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. சந்நிதியில் கட்டிய தகடும் அதிலேதான். அதையும் கழற்றவேண்டும் என்றாள். ஷெல் விழுந்த நாளிலும் என் அரையில் கிடந்த கொடி அது. பிணத்துக்குத்தான் அதை அறுப்பார்கள். மனைவி திரைக்குப் பின்னால் வந்து கொழுக்கியைத் தேடினாள். அது இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துக் கழற்றினாள். கழற்றித் தன் கைப்பைக்குள் வைக்காமல், கையில் பொத்திக்கொண்டாள்.

ஸ்கான் வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். என் கையில் ஒரு றப்பர்ப் பந்தைத் தந்தாள். இரும்பு கிடக்கிற இடத்தில் சூடு வந்தாலோ இழுத்தாலோ அமத்துங்கோ, உடனே வெளியே எடுப்போம் என்றாள். அசையக்கூடாது, அசைந்தால் படம் பழுது. காதுக்கு அடைப்பு வைத்தாள். கட்டில் தானாக உள்ளே போனது.

உள்ளே மூக்குக்கு முன்னால் கூரை. கையைத் தூக்க இடமில்லை. எனக்குப் பெட்டி நினைவு வந்தது, எந்தப் பெட்டி என்று எழுதத் தேவையில்லை. பிறகு சத்தம் தொடங்கியது. பலபேர் அதை ஷெல் அடிக்கிற சத்தம் மாதிரி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி இல்லை. ஷெல் ஒருமுறை வெடித்தால் முடிந்துவிடும், பிறகு நீ இருக்கிறாய் அல்லது இல்லை. இது முடியவில்லை. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டர் ஓடினால் அலறுமே, அப்படி அலறியது. நின்றது. வேறு குரலில் மறுபடி அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் என் உடம்புக்குள் ஏதாவது எழும்புகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

எழும்பியது. பிட்டத்தில் சூடு. முதலில் ஒரு காசளவு. பிறகு உள்ளங்கையளவு. நிச்சயமாகச் சூடு. அது ஊர்வதும் எனக்குத் தெரிந்தது, எறும்பு ஊர்வது மாதிரி, நாரியை நோக்கி. அமத்தினால் படம் போய்விடும், கூட்டாளியின் கட்டில்தான் எனக்கும். அமத்தாவிட்டால் முள்ளந்தண்டு. இரண்டு தோளிலும் குலை கொண்டு பாதி வழியில் இறக்காத மனிதன் நான். பொறுத்தேன். பொறுத்துப் பார்த்தேன். ஏலாமல் போய்ப் பந்தை நசுக்கினேன். நசுக்கிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் நின்றது. கட்டில் வெளியே வந்தது. பிள்ளை ஓடி வந்து காது அடைப்பை எடுத்தாள்.

"என்ன ஐயா செய்யுது?"

"சுடுது பிள்ளை. ஊருது. மேலை ஏறுது."

"எவடத்திலை? கையாலை காட்டுங்கோ."

காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, சிரிக்காமல் சொன்னாள்:

"ஐயா, நீங்கள் காட்டுறது வலப்பக்கம். இரும்பு மற்றப் பக்கமெல்லோ."

நான் என் கையைப் பார்த்தேன். வலது பிட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடியை விட்டேன். அந்தப் பிள்ளை இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்றாள். நிறையப் பேருக்கு இப்படித்தான், சிலர் காலில் இருக்கிற இரும்புக்குக் கழுத்தில் சூடு என்பார்கள் என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளோ தெரியாது. விரும்பினால் இன்னொரு நாள் வரலாம் என்றாள்.

இன்னொரு நாள் என்ற சொல்லைக் கேட்டதும் என் கூட்டாளியின் பொங்கல் எனக்குக் கேட்டது. இப்போதே விடு பிள்ளை என்றேன். காது அடைப்பை நானே வாங்கி வைத்தேன்.

இரண்டாம் முறையும் பயம் குறையவில்லை. தைரியமாகப் போனேன் என்று எழுதினால் பொய். சூடு மறுபடி வந்தது, வலப்பக்கம்தான் வந்தது. வரட்டும் என்று கிடந்தேன். கண்ணீர் காதுக்குள் வடிந்தது, துடைக்க ஏலாது, அசையக்கூடாது. மோட்டர் அலறி அலறி ஒரு கட்டத்தில் ஓய்ந்தது. வெளியே வந்தபோது மனைவி வாங்கில் இருந்து எழும்பினாள். அவளுடைய கையில் அரைஞாண் பதிந்த அடையாளம் சிவப்பாக இருந்தது.

முடிவைச் சொல்ல வைத்தியர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தினார். நான் நின்றேன். படத்தில் ஓரிடத்தைப் பேனையால் தொட்டார். வாழைத்தண்டின் நடுவில் விரலால் நசுக்கினால் நீர் வழி அடைபடுமே, அப்படி அந்த இடத்தில் நரம்பு நசுங்கிக் கிடந்தது. விட்டால் பாதம் செத்துப்போகும், பிறகு மற்ற நரம்பும் போகலாம். வெட்டவேண்டும். வெட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது, மறைக்கவில்லை என்றார்.

"வெட்டினால் பழையபடி நடப்பனோ?"

"இப்ப மிஞ்சியிருக்கிறதைக் காப்பாற்றத்தான் பாக்கிறம். போனது வந்தால் அது மேலதிகம்."

"குலை தூக்கலாமோ?"

"இனி வாழ்க்கையிலை தூக்கேலாது."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓம் என்றேன். தூக்கமாட்டேன் என்பதற்கு அல்ல, வெட்டுவதற்கு. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த ஓம் என்று பிறகு விளங்கியது.

வருகிற கிழமை ஆசுப்பத்திரியில் நிற்கவேண்டும். இதை நின்றபடி, சாப்பாட்டு மேசையின் மேல் பலகைப் பெட்டி வைத்து அதன்மேல் தாள் வைத்து எழுதுகிறேன். என் எழுத்துக் கோணல், பிழைகளைத் திருத்துகிறவர் திருத்தட்டும். சந்தையில் சொல்லிவிட்டேன். கோயில் யாத்திரை போகிறேன் என்று ஒரு கதை கட்டலாமா என்று யோசித்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். நாரி வெட்டப் போகிறேன் என்றேன். சிலர் கையைப் பிடித்தார்கள். சிலர் உடனே விலையைக் குறைத்துக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மகளுக்கும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு கேள்வி கேட்டாள், எனக்கு விடை தெரிந்த கேள்வி ஒன்றுமில்லை.

காலையில் எழும்புமுன் சிறுநீர் தெரிந்து போகிறதா என்று நினைத்துப் பார்க்கிறேன். புறங்காலை நகத்தால் கீறிப் பார்க்கிறேன், நேற்றைக்குத் தெரிந்த இடம் இன்றைக்கும் தெரிகிறதா என்று. கத்தி என்ன தடிப்பு இருக்கும், நரம்பு என்ன தடிப்பு இருக்கும் என்று யோசிக்கிறேன். அந்த இளம் வைத்தியருக்கு அன்று காலையில் வீட்டில் ஏதும் கோபம் வந்து கை நடுங்கினால் என்ன செய்வது என்றும் யோசிக்கிறேன். இதெல்லாம் யோசிக்கிற மனிதனாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகிற பையில் மனைவி சாரங்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்:

"பயமோ?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டிராத கேள்வி. கேட்டிருந்தாலும் நான் அதற்கு விடை சொல்லியிருக்கமாட்டேன்.

"ஓம்" என்றேன்.

அவள் கடைசிச் சாரத்தையும் மடித்து வைத்துப் பையை மூடினாள்.

"நல்லது. பயந்தால்தான் உந்த மனிசன் டொக்டர் சொல்லுறதைக் கேக்கும்" என்று, எனக்குச் சொல்லாமல் பைக்குச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.